நிறுத்தத் தெரிந்தால்தான் ஓட்டத் தெரியும்

மழை ஓய்ந்த மாலை நேரம். சுவா சூ காங்கில், அடுக்குமாடி வீடுகளை ஒட்டிய நடைபாதையில் நீங்கள் மிதிவண்டி ஓட்டிச் செல்கிறீர்கள். திடீரென்று, ஒரு தூணின் பின்னாலிருந்து ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறான். உங்களால் உடனே நிறுத்த முடியுமா?

ஆபத்தைக் கண்டதும் கை பிரேக்கை அழுத்துவதற்குச் சற்று நேரமாகும். அது ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்த ஒரு விநாடியில் மிதிவண்டி ஏறக்குறைய 3 மீட்டர் நகர்ந்துவிடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 7 மீட்டர் நகர்ந்துவிடும். பிரேக்கை அழுத்திய பிறகும் வண்டி சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால், அந்தத் தூரம் நான்கு மடங்காகும். சிங்கப்பூரில் மிதிவண்டிப் பாதைகளின் வேக வரம்பு 25 கிலோமீட்டர்; மிதிவண்டி செல்லக்கூடிய நடைபாதைகளில் 10 கிலோமீட்டர்தான். இந்த வேறுபாடு ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, எந்தப் பிரேக்கை அழுத்த வேண்டும்? பேருந்து சட்டென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்கிறோம். அதுபோலவே, மிதிவண்டியின் வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் விழுகிறது. ஆகவே, முன்பிரேக்குக்கே நிறுத்தும் ஆற்றல் அதிகம். ஆனால், அதைமட்டும் வெடுக்கென்று அழுத்தினால் பின்சக்கரம் மேலெழும்பி, ஓட்டுபவர் தலைகுப்புற விழக்கூடும். பின்பிரேக்கைமட்டும் பலமாக அழுத்தினால் சக்கரம் வழுக்கும். எனவே, இரண்டையும் ஒன்றாக, படிப்படியாக அழுத்த வேண்டும். அப்போது உடலைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்ள வேண்டும். வளைவுகளில், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது நல்லது. ஈரமான பாதையில் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக்கை அழுத்தத் தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் பிரேக் சரியாக இருந்தால்தான் பயன்படும். சிலர் கைப்பிரேக் இல்லாமல், மிதிகளைக் காலால் தடுத்தே வண்டியை நிறுத்தினார்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல், பொதுப் பாதைகளில் செல்லும் மிதிவண்டியில் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, புறப்படும் முன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். எந்தப் பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சிறுவன் தூணுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால், தூண் இருப்பது தெரியும். அதைக் கண்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, விரல்களைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டால், அவன் ஓடி வரும்போது உங்களால் நிறுத்த முடியும்.