கருப்பொருள் குறையும் குறிஞ்சி

பெரகல சந்தியில் நிற்பவனுக்கு மூன்று வழிகள் தோன்றும். ஒன்று ஹல்துமுல்லைக்கு இறங்கும். ஒன்று அப்புத்தளைக்கு ஏறும். ஒன்று கொஸ்லாந்தை நோக்கி வளையும். நீருக்கும் இம்மலைத்தொடர் அத்தகையதொரு சந்தியேயாம். வடசரிவிற் பெய்யும் மழை உமா ஓயா வழியே மகாவலியை அடைகின்றது. தென்சரிவிற் பெய்வது வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் பிரிந்து செல்கின்றது.

இம்மலையிலே தமிழ் கற்பிக்கும் நான், அண்மையில் ஒருநாள் அகப்பொருள் இலக்கணம் நடத்தினேன். நாற்கவிராச நம்பி பதினான்காகத் தொகுத்த கருப்பொருள்களைக் கரும்பலகையில் எழுதி, குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும் என்றேன். கடைசி வாங்கிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், அந்தச் சுனையில் என்னென்ன உயிர்கள் இருக்கும்?" என்று வினவினாள். பண்டிதத் தேர்வில் எவரும் என்னைக் கேளாத வினா அது. விடை கூற இயலாது நின்றேன்.

அன்று மாலை மாணவர் சிலருடன் பீலிக்கரைக்கு மேலுள்ள ஓடைவழியே நடந்தேன். தேயிலை, நீரின் விளிம்புவரை வந்திருந்தது. நிழல் இல்லை, ஈரச்சருகு இல்லை, ஒரு தவளையின் குரலும் கேட்டிலேம்.

தவளைதானே, போனால் என்ன என்பார் உளர். இலங்கையின் புதர்த்தவளைகள் பல, ஏனைய தவளைகள்போல் நீரில் வால்பேத்தையாய் நீந்தி வளர்வன அல்ல. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே உருப்பெற்றுச் சிறு தவளையாய் வெளிவருவன. ஆதலின் காட்டின் நிழலும் ஈரமுமே அவற்றுக்குத் தொட்டில். காடு வெட்டுண்டால் முட்டை உலரும். உலர்ந்தால் இனம் முடியும். இவ்வாறு இத்தீவில் அற்றொழிந்தனவாகக் கருதப்படும் தவளையினங்கள் ஏறத்தாழ இருபது.

வெட்டியவர் யார்? கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் வீழ்த்தப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரும் அவற்றை வீழ்த்தினர். ஆணை துரைமாருடையது, இலாபமும் அவருடையது, கோடரி பிடித்த கை நம்முடையது. இதனைப் பழியாக நான் கூறவில்லை. பசியால் வந்தவர் வேறென் செய்வர்? ஆயினும் அக்கையின் வரலாற்றை அறிந்தவன், எஞ்சியதைக் காக்கும் கடமையையும் அறிதல் வேண்டுமன்றோ?

காக்க நினைத்தவரும் இருந்தனர். தாவரநூல் வல்லாரான ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழியாது விடுமாறு 1873இல் அறிவுரை கூறினார். ஹோர்ட்டன் சமவெளி இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியும் ஆயிற்று. பெரகலவோ அவ்வுயர எல்லைக்குக் கீழே கிடப்பது. நமக்கு எஞ்சியவை சிறு காட்டுத்துண்டுகளே. அப்புத்தளை அடிசம் மாளிகையை அடுத்துள்ள சரணாலயம் அவற்றுள் ஒன்று. அதன் பெயர் தங்கமலை. நம் மொழிப் பெயர்!

மேலே செய்யும் தீங்கு மேலேயே நில்லாது. கொஸ்லாந்தைக்கு அப்பால் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும அருவியாய் வீழும் நீர், கிரிந்தி ஓயாவிற் கலந்து தென்கடற்கரை நோக்கிச் செல்கின்றது. அவ்வாற்றை மறித்து 1980களில் லுணுகம்வெகர நீர்த்தேக்கம் எழுந்தது. வயல்களில் மிகுந்த நீர், புந்தலவிலுள்ள களப்புகள் இரண்டில் வடிந்தது. உவர்நீர் நன்னீராக, அதில் இரைதேடிய பூநாரைகள் அருகின. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கே இந்நிலை! நீர் குறைந்தாலும் கேடு. இடம் மாறி மிகுந்தாலும் கேடு.

உலகெங்கும் இதே கதைதான். உலகளாவிய இயற்கை நிதியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1970 முதல் 2020 வரை கண்காணிக்கப்பட்ட முதுகெலும்புடைய காட்டுயிர்த் தொகைகள் சராசரியாக நூற்றுக்கு 73 பங்கு சுருங்கின. நன்னீர்வாழ் உயிர்த்தொகைகளோ 85 பங்கு. 2030க்குள் உலகின் நிலம், உள்நாட்டு நீர், கடல் ஆகியவற்றில் நூற்றுக்கு 30 பங்கைக் காப்பதென நாடுகள் 2022இல் மொன்றியலில் உடன்பட்டன.

மொன்றியல் உடன்பாடு நம் ஓடைக்கு வந்து சேர்தற்கு நாமே வழி செய்தல் வேண்டும். ஓடையின் இருகரையிலும் சில யார் நிலத்தைச் செடி நடாது விட்டால் போதும். காட்டுமரம் தானே தலையெடுக்கும். மருந்தடிக்கும் கலத்தை ஓடையிற் கழுவாதிருத்தல் வேண்டும். குப்பையைக் கானிலே தள்ளாதிருத்தல் வேண்டும். இவற்றுட் சில தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. சில நம் லயங்களின் பொறுப்பு.

நம்பிக்கை வீணன்று. 1853இல் பெயரிடப்பெற்றுப் பின் எவர் கண்ணிலும் படாதிருந்த புதர்த்தவளையொன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின், 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. அற்றதென எழுதிவைத்த உயிர், காடு இருந்தமையால் இருந்தது.

அம்மாணவிக்கு இன்னும் முழுவிடை கூறினேனல்லேன். வகுப்பின் குறிப்பேட்டில் 'நீர்' என்பதற்கு எதிரே ஒரு பக்கம் வெறிதே விட்டுள்ளோம். ஓடையிற் கண்ட உயிர்களின் பெயரை மாணவர் அதில் எழுதி வருகின்றனர். இதுவரை நண்டு ஒன்றும் தும்பி இரண்டும் ஏறியிருக்கின்றன. தவளைக்கு இடம் விட்டிருக்கின்றோம்.