மாற்றிய எண்ணெயும் மாறாத ஐயமும்

பிறர் செய்த வினையின் நன்மை தீமைகளை நாம் அறியும் வழிகள் இரண்டு. ஒன்று, வினை நிகழுங்கால் கண்ணாற் காண்டல். மற்றொன்று, முடிந்தபின் அதன் பயனைக்கொண்டு கருதல். தச்சர் செய்த நாற்காலியையும் தையற்காரர் தைத்த சட்டையையும் கண்ட அளவிலே நன்று தீதென்று கூறிவிடலாம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுந் தொழிலோ அத்தகையதன்று. பழைய எண்ணெய் கழிவதும் புதியது புகுவதும் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழ்வன. மாற்றினாலும் வண்டி ஓடும். மாற்றாவிடினும் அன்றைக்கு ஓடத்தான் செய்யும். ஆதலின், காசு கொடுத்து வீடு திரும்பியவர் உள்ளத்தில், “மெய்யாகவே மாற்றினார்களா?” என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இத்தொழில் ஒன்றையே முதன்மையாகக் கொண்ட விரைவுக் கடைகள் 1970-களில் அமெரிக்க நாட்டிற் பரவின. இன்று நம் நகரங்களிலும் ஆயில் விற்கும் கடையின் வாயிலிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சிறிது நேரத்தில் எண்ணெய் மாற்றித் தருவதைக் காண்கிறோம். விரைவு குற்றமன்று, தேர்ந்த கைக்கு இவ்வேலை நெடுநேரம் பிடிப்பதுமில்லை. ஆயினும், விரைந்து முடியும் வினை ஐயத்திற்கு எளிதில் இடந்தருகின்றது. அவ்வையத்தை எவ்வாறு தீர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

எஞ்சினில் எண்ணெய் செய்யும் பணி பலவகைப்படும். உராயும் உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கின்றது, வெப்பத்தை ஏற்றுச் செல்கின்றது, கரியையும் நுண்துகளையும் தன்னுட் சுமந்து உட்புறத்தைத் தூய்மையாக வைக்கின்றது, துருவைத் தடுக்கின்றது. நாளடைவில் அதிற் கலந்துள்ள துணைப்பொருள்கள் தேய்ந்து ஆற்றல் குன்றுகின்றன. அதனாலேயே குறித்த தூரம் ஓடியபின், அல்லது குறித்த காலம் கழிந்தபின், அதை மாற்றவேண்டியதாகின்றது. சிறிய மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ 1 லிட்டரும், சிறிய காருக்கு 3 முதல் 4 லிட்டரும் வேண்டும். பொருள் சிறிதாயினும், அது தவறினால் வரும் கேடு பெரிது. எண்ணெயின்றி ஓடிய எஞ்சின் சில நிமிடங்களிலேயே இறுகிப் பாழாகிவிடக்கூடும்.

இனி, மக்கள் சான்றெனக் கொள்வனவற்றுட் சில சான்றாகா என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். மாற்றிய சில நாட்களில் எண்ணெய் கறுத்தது கண்டு, “ஏமாற்றிவிட்டார்கள்” என்று கூறுவோர் பலர். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டினாலே கறுத்துவிடும். எவ்வளவு வடித்தாலும் பழைய எண்ணெயிற் சிறிது உட்குழாய்களில் தங்கியே நிற்கும். அதுவும் புதியதன் நிறத்தை மாற்றும். கரியைக் கரைத்துச் சுமப்பது எண்ணெயின் கடமையாதலின், கறுப்பு பல வேளைகளில் அதன் உழைப்பின் அடையாளமேயன்றி வஞ்சனையின் அடையாளமன்று.

அங்ஙனமே, வடிக்கும் திருகாணியில் புழுதி கலையாதிருப்பதும் முடிந்த சான்றன்று. சில கடைகளில் அளவுகோல் செல்லும் குழாய் வழியாகவே பழைய எண்ணெயை உறிஞ்சி எடுப்பதுண்டு. வடிகட்டி மாற்றப்படவில்லை என்னும் குறையோ, எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் மாற்றத்தக்க காகித வடிகட்டியே இல்லை, கழுவித் துடைக்கத்தக்க வலை மட்டுமே உண்டு. மறுபுறம், காரின் முகப்பில் எண்ணெய் மாற்றத்தை நினைவூட்டும் விளக்கு அணைந்துவிட்டமையால் வேலை முடிந்ததென்று மகிழ்தலும் கூடாது. பல வண்டிகளில் அது தூரத்தையும் காலத்தையும் எண்ணும் கணக்கேயாம். எண்ணெயைத் தொடாமலே அக்கணக்கைத் தொடக்கத்திற்குத் திருப்பிவிடலாம்.

மெய்ச்சான்றுகள் யாவை? முதலாவது, அளவு. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து இட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். மோட்டார் சைக்கிளாயின், அக்கோலைத் திருகிப் பார்ப்பதா திருகாது பார்ப்பதா என்பதை அவ்வண்டியின் கையேடு கூறும். எண்ணெய் இரு குறிகளுக்கிடையே நிற்றல் வேண்டும். குறைந்தால் ஊற்றியது போதவில்லை. மிக உயர்ந்தால், பழையதை முற்றும் வடிக்காமல் ஊற்றினார்களோ என்று கருத இடமுண்டு. மிகுந்த எண்ணெயைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும், நுரை உராய்வைத் தடுக்காது.

ஆனால், அளவு சரியாயிருப்பது ஒன்றே எண்ணெய் மாறியதற்குச் சான்றாகாது. தொடாமல் விட்ட எண்ணெயும் சரியான அளவிலேயே நிற்கலாமன்றோ? இங்கேதான் நிறம் துணைசெய்யும். பெட்ரோல் வண்டியை ஒப்படைக்குமுன் ஒரு துளியை வெள்ளைத்தாளில் இட்டு வைத்து, வேலை முடிந்தவுடன் கடை வாயிலிலேயே மற்றொரு துளியை இட்டு ஒப்பிட்டால், வேறுபாடு தானே விளங்கும். பத்து நாள் கழித்துப் பயன்படாத நிறம், அக்கணத்திற் பெரிதும் பயன்படுகின்றது. வடிகட்டி உள்ள வண்டியாயின், பழையதன்மேல் முன்பே சிறு அடையாளம் இட்டுவைத்தால் பின்னர் வழக்கிற்கு இடமில்லை. ஒருநாள் வண்டி நின்ற தரையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தால், வடிகட்டியின் பழைய ரப்பர் வளையம் ஒட்டிநிற்க அதன்மேற் புதியது பொருத்தப்பட்டதோ, திருகாணியின் வாஷர் பழுதோ என்று உடனே ஆராயவேண்டும்.

எண்ணெய் மாற்றினார்களா என்பது போலவே, எதை ஊற்றினார்கள் என்பதும் கேட்கத்தக்கது. 10 டபிள்யூ 30 என்றாற்போல் எழுதப்படும் குறியில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், பின்னுள்ளது வெப்பத்தில் அதன் தடிப்பையும் காட்டுவன. பெரும்பாலான கியர் மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் இவ்வெண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால், காருக்குரிய சில எண்ணெய்களை ஊற்றினால் கிளட்சு வழுக்கக்கூடும். எனவே கையேட்டில் குறித்த வகையையே கேட்டு, முத்திரையிட்ட கலத்தை நம் கண்முன் திறக்கச் செய்தல் நன்று. வெறுங்கலம் போலிச் சரக்கு அடைப்போர் கையிற் சேராதபடி அதைத் துளையிட்டு விடுதலும் பொதுநன்மையே.

பற்றுச்சீட்டில் நாள், ஓடிய தூரம், எண்ணெயின் வகை, அளவு ஆகிய நான்கும் எழுதப்பெறல் வேண்டும். குறை தெளிவானால், முதலில் கடைக்காரரிடமே அமைதியாகக் காட்டிக் கேட்பதே முறை. அவர் மறுப்பின், 2019-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு பெற்றுச் செய்யும் பணியின் குறைபாட்டுக்கும் பரிகாரம் தேட வழிவகுத்துள்ளது. சீட்டில்லாதவருக்கு அவ்வழி கடினமாகும். எண்ணெய் அளவு குறைந்திருப்பதைக் கண்டாலோ, ஓடுகையில் சிவந்த எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, வழக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொண்டு எஞ்சினை முதலில் அணைத்திடுக.

தொலைவில் தோன்றும் உருவம் கட்டையோ மனிதனோ என்பதை ஐயத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் இலக்கண ஆசிரியர் மரபு. ஐயம் அறிவின் தொடக்கமேயன்றி முடிபன்று. அருகிற் சென்று பாராமல் “கட்டையே” என்று துணிபவன் ஐயத்தைத் தீர்த்தவனல்லன், பிழையை மேற்கொண்டவன். கறுத்த எண்ணெயைக் காட்டிக் கடைக்காரரைக் கள்வரென்று தெருவிற் கூறும் ஒரு சொல், நாள்முழுதும் எண்ணெய்க் கையோடு உழைக்கும் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கும். பாராது நம்பி வரும் மடிமையோ, வேலைக்குச் செல்லும் தந்தையின் ஒரே வண்டியை நடுவழியில் நிறுத்தும். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டபோது, தெரிதலை முன்னும் தெளிதலைப் பின்னும் வைத்தார். அவ்வரிசையை நாமும் போற்றுவோமாக. கடை வாயிலில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவர்க்கு வீட்டில் ஐந்து நாள் ஐயுற வேண்டுவதில்லை. நேர்மையான தொழிலாளி அப்பார்வையை வெறுப்பதுமில்லை.