இரு செவியும் ஒரு கருவியும்

குறிஞ்சாக்கேணிக் களப்புக் கரையில் இருளில் நிற்பவருக்குத் தோணி கண்ணிற் படாது. எனினும் அதன் ஓசை எத்திசையினின்று வருகிறதென்பதைச் செவி அறிந்துவிடும். ஓசை ஒரு செவியை மற்றதற்கு முன்னதாகவும் சற்று வலிதாகவும் எட்டுகிறது. அவ்விடைவெளி விநாடியின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. அதனைக்கொண்டே மூளை திசையை வகுக்கிறது.

கணினி விளையாட்டிற் பகைவனின் காலடி எப்பக்கம் என்றறிவதும், இசையில் வீணையும் மிருதங்கமும் எவ்வெப்பக்கம் ஒலிக்கின்றன என்றுணர்வதும் இவ்வாற்றலாலேயே. ஆதலின் இரண்டிற்கும் இரண்டு ஹெட்போன்கள் வேண்டுவதில்லை. இருபுறத்து ஒலியும் பிசகாத நல்ல கருவி ஒன்றே போதும். விளையாட்டுக்கென்றே விற்கப்படுவனவற்றுட் சில, வெடியோசை சிறக்கவேண்டி அடித்தொனியை மிகைப்படுத்தும். அதனாற் காலடியும் மறையும். பாடகர் குரலின் நயமும் கெடும். பேசுவதற்கு ஒலிவாங்கியைத் தனியே வாங்கிக்கொள்ளலாம்.

விலையுயர்ந்தவற்றில் முதலில் நோக்கவேண்டியது, புறம் திறந்ததா மூடியதா என்பது. 1968இல் ஸென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் திறந்த வகையை வெளியிட்டது. இவ்வகையில் ஒலி விரிந்து கேட்கும். ஆனால் மின்விசிறியின் இரைச்சல் உட்புகும். உள்ளொலி அருகிருப்போருக்கும் கேட்கும். அமைதியான அறைக்குத் திறந்தது. பலர் கூடிவாழும் வீட்டிற்கு மூடியது. அடுத்தது மின்தடை. 300 ஓம் கொண்ட கருவிக்குக் கைப்பேசியின் வலு பெரும்பாலும் போதாது. ஒலிபெருக்கும் தனிக்கருவி வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் நன்று.

80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரத்துக்கு மேற் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவி பழுதுற்றால் மாற்றலாம். செவி பழுதுற்றாலோ, களப்பிற் செல்லும் தோணியின் திசையும் தெரியாது போம்.