66 சதவீத ஹெட்: பால் பைத்தான் நிறங்களின் கணக்கு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பால் பைத்தானில் வருகிற பால் நாம் குடிக்கிற பால் இல்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்து மாதிரி சுருட்டிக்கொள்ளும் பாம்பு இது, அதனால் வந்த ஆங்கிலப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. பாங்காக்கிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் பாம்புக்குட்டிகள் சிக்கியதாகச் சென்னை விமான நிலையச் செய்திகள் அவ்வப்போது வருமே, அவற்றில் அடிக்கடி அடிபடுகிற பெயர் இதுதான்.

காட்டில் இதன் நிறம் பழுப்பும் கறுப்பும். ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய வளர்ப்புச் சந்தையில் மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, திட்டுத்திட்டாக வெள்ளை என்று எத்தனையோ வகை. ஒவ்வொன்றையும் மார்ஃப் என்கிறார்கள். அந்த விற்பனைப் பட்டியல்களில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். படத்தில் இருப்பது சாதாரணப் பழுப்புப் பாம்பு. பக்கத்தில் "66 சதவீத ஹெட் அல்பினோ" என்று போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஏன் காசு?

அல்பினோவிலிருந்து தொடங்குவோம். பாம்பின் தோலில் கறுப்பும் பழுப்பும் தருவது மெலனின். அதைத் தயாரிக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அதற்கான ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும், பாம்பு பழுப்பாகவே இருக்கும். இரண்டுமே பழுதானால்தான் மெலனின் கிடையாது. மஞ்சள் நிறமி வேறு செல்களில் இருப்பதால் அது தப்பிவிடும். அதனால்தான் அல்பினோ பால் பைத்தான் சுத்த வெள்ளையாக இல்லாமல், மஞ்சளும் வெள்ளையுமாக, சிவப்புக் கண்ணோடு இருக்கிறது. 1992-ல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் இதை முதன்முதலாகக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். மார்ஃப் வியாபாரம் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு பிரதி மட்டும் பழுதான பாம்புதான் ஹெட். பள்ளிக்கூட மொழியில் ஹெட்டிரோசைகஸ். இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் மெண்டலின் பட்டாணிக் கணக்கேதான்: சராசரியாக நாலில் ஒரு குட்டி அல்பினோ, இரண்டு ஹெட், ஒன்று எந்தப் பழுதும் இல்லாதது. அல்பினோவை எடுத்துவிடுங்கள். மிச்சம் பழுப்பாக இருக்கிற மூன்றில் இரண்டு ஹெட். மூன்றில் இரண்டுதான் அந்த 66 சதவீதம்.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பாம்புக்குள் 66 சதவீத அல்பினோ ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. அது முழு ஹெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் ஹெட்டே இல்லை. சதவீதம் பாம்புக்கு இல்லை, நம் அறியாமைக்கு! விற்பவர் விற்பது ஒரு லாட்டரிச் சீட்டு. அதுவும் அவருடைய பதிவேடு உண்மை என்று நம்பி வாங்குகிற சீட்டு.

சீட்டு விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பது? பெண் பாம்பு பருவத்துக்கு வர ஏறக்குறைய மூன்று வருஷம் காத்திருந்து, ஓர் அல்பினோ ஆணோடு சேர்க்க வேண்டும். ஒரே ஒரு அல்பினோ குட்டி வந்தாலும் ஹெட் என்பது உறுதி. ஆறு முட்டை வச்சு ஆறும் பழுப்பாகவே வந்தால்? ஹெட்டாக இருந்தும் இப்படி நடக்க 64-ல் ஒரு வாய்ப்பு. முதலில் இருந்த மூன்றில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவள் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு இப்போது 33-ல் ஒன்று. 66 சதவீதம் 3 சதவீதமாகிவிட்டது. பாம்பு மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது. இப்போது சில மார்ஃப்களுக்கு உரித்த சட்டையை அனுப்பினாலே டிஎன்ஏ சோதனை செய்து சொல்லிவிடுகிறார்கள்.

கண் ஏமாற்றும் இன்னொரு இடம். சாதாரண அல்பினோ ஒன்று, லாவெண்டர் அல்பினோ ஒன்று. இரண்டுக்கும் சிவப்புக் கண். சேர்த்தால் குட்டிகள் எல்லாம் பழுப்பு! காரணம், இரண்டும் வெவ்வேறு ஜீனில் பழுது. முதலாவதில் டைரோசினேஸ், இரண்டாவதில் ஓசிஏ2. ஒருவரிடம் கெட்டதை இன்னொருவர் ஈடுகட்டிவிடுகிறார். வளர்ப்பவர்கள் கொடுத்த உரித்த சட்டைகளை வைத்தே ஆய்வாளர்கள் 2022-ல் இந்த ஜீன்களை அடையாளம் காட்டினார்கள்.

எல்லா மார்ஃபும் இப்படி ஒளிந்திருப்பதில்லை. மோஹாவே ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், இரண்டு இருந்தால் பாம்பு ஏறக்குறைய வெள்ளை. பாடப்புத்தக அந்திமந்தாரை ஞாபகம் இருக்கிறதா? சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு. அதே முழுமையற்ற ஓங்குத்தன்மைதான். வியாபாரிகள் இதைப் பல காலமாகக் கோ-டாமினன்ட் என்று தப்பாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெயர் ஏபி ரத்த வகைக்குத்தான் பொருந்தும்.

ஸ்பைடர் மார்ஃப் கதை வேறு. 1999-ல் அமெரிக்காவில் பெருக்கப்பட்டது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள், ஒரு பிரதியே போதும். அழகுதான். ஆனால் தலை ஆடும். இரையைக் கொத்தக் குறி தவறும், சிலதுக்கு நிமிர்ந்திருக்கவே வராது. நெருங்கிய உறவில் சேர்த்ததால் வந்த கோளாறு, வெளி ரத்தம் கலந்தால் போய்விடும் என்று வளர்ப்பவர்கள் நம்பினார்கள். எத்தனையோ தலைமுறை கலந்தும் போகவில்லை. 2022-ல் வந்த ஒரு ஸ்கேன் ஆய்வு ஸ்பைடர் பாம்புகளின் உட்காதில் சமநிலை உறுப்புகளே சிதைந்திருப்பதைக் காட்டியது. கோடுகள் எங்கே போனாலும் இந்த ஆட்டமும் கூடவே போகிறது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறமி செல்கள் கருவில் முதுகுப் பக்கம் உருவாகி உடம்பெங்கும் நகர்ந்து போகிறவை. பாலூட்டிகளில் சில உட்காது வரைக்கும் போகின்றன. பால் வெள்ளை ராஜபாளையம் நாய்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது தெரிந்ததுதானே. அதுவும் இதுவும் ஒரே ஜீன் என்று சொல்ல வரவில்லை, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே வேறெதுவும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதற்கு நம்மூர் உதாரணம்.

பிரிட்டனில் சர்வதேச ஊர்வன சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடரை விற்கத் தடை போட்டது. மற்ற இடங்களில் விற்பனை தொடர்கிறது, பல நேரம் வேறு பெயரில். பட்டியலில் பம்பிள்பீ என்று மஞ்சளாக ஒன்று இருக்கும். பேஸ்டலும் ஸ்பைடரும் சேர்ந்தது அது. பெயரில் ஸ்பைடர் இல்லை, பாம்பில் இருக்கிறது.