விளாத்திகுளம் டு சென்னை: நம்ம ஊர்ப் பொக்கிஷத்தைப் பார்க்க ஒரு வார இறுதி!

சென்னைக்குப் போகிறோம் என்றால் விளாத்திகுளம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது மெரினா, தி.நகர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மியூசியமும் கச்சேரியும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. 'அதெல்லாம் நமக்கு எதுக்கு?' என்ற தயக்கம்தான் காரணம். உண்மையில் அங்கே இருப்பதில் பாதி, நம்ம மாவட்டத்துச் சொத்து!

மார்கழி இசை விழாவும் அரையாண்டு விடுமுறையும் ஒரே சமயத்தில் வருவதால் டிசம்பர் கடைசி வாரம்தான் தோதான நேரம். வெள்ளி இரவு கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடித்தால், ஏறத்தாழ 600 கி.மீ. தூரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும் என்பதால் அக்டோபரிலேயே தேதியை முடிவு செய்வது நல்லது.

சனி காலை: எழும்பூர் அருங்காட்சியகம்

எழும்பூர் ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். 1851-ல் தொடங்கிய இந்த அரசு அருங்காட்சியகம், கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பழைமையான பெரிய அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு திறந்திருக்கும்.

முதலில் தேட வேண்டியது ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். தாமிரபரணிக் கரையின் அந்தப் பறம்பில் 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு, 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு அவர் எடுத்த இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பொருள்களும், பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னைக்கு வந்தன. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த ஊர், பிள்ளைகளுக்குக் கண்முன்னே தெரியும்.

அடுத்து வெண்கலக் கூடம். சென்னை அருங்காட்சியக நடராஜர் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே மயங்கிப்போய், பிரெஞ்சுச் சிற்பி ரோதின் ஒரு கட்டுரை எழுதினார். அவர் நேரில் பார்க்காத திருவாலங்காட்டு நடராஜரை நாம் அருகில் நின்று பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தால் திமிங்கல எலும்புக்கூடு கைகொடுக்கும். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். மூன்று கூடங்கள் போதும்.

சனி மாலை: சபாவுக்குள் தயங்காமல்

பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடும் நேரம் அது. பிரபலங்கள் பாடும் மாலைக் கச்சேரிக்கு மட்டும் பணம் இருந்தால் போதும். 'ராகம் தெரியாதே' என்று கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எழுந்து போகலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வாசிக்கும்போது மட்டும் எழாமல் இருந்தால், அது அவருக்கு நாம் தரும் மரியாதை. பசித்தால் சபா கேன்டீன் இருக்கிறது.

இந்த இசையும் நமக்கு அந்நியம் இல்லை. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது எட்டயபுரத்தில். மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் ஒலிக்கும் வயலினை கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி, அவருடைய தம்பியும் எட்டயபுரம் அரண்மனை வித்வானுமான பாலுசாமி தீட்சிதர். பாடல்களை ஸ்வரக் குறிப்போடு தொகுத்த சுப்பராம தீட்சிதரின் பெரும் நூல் 1904-ல் வெளிவந்ததும் எட்டயபுரத்தில்தான். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் கொண்டாடிய இசைமேதை நல்லப்ப சுவாமிகளோ, விளாத்திகுளம் சுவாமிகள் என்றே அறியப்பட்டவர். இத்தனை பேரைத் தந்த மண்ணிலிருந்து வருகிறவர்கள், சபாவின் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார என்ன அவசியம்?

ஞாயிறு: கோட்டையும் கொடியும்

காலையில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக் கொடி இங்கே பாதுகாக்கப்படுகிறது. தலைமைச் செயலகமும் உள்ளேயே இருப்பதால் பாதுகாப்புச் சோதனை உண்டு. அடையாள அட்டை அவசியம். மதியம் இன்னொரு இலவசக் கச்சேரி, இரவு ரயில், திங்கள் காலை கோவில்பட்டி.

செலவைக் குறைக்க ஒரே வழி, எழும்பூரிலேயே அறை எடுத்து பஸ், மெட்ரோவில் சுற்றுவது. ஷாப்பிங்கை இன்னொரு பயணத்துக்குத் தள்ளிவைத்தால் நேரமும் மிச்சம்.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே பார்க்கும்படி 2023-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எட்டயபுரத்தில் தீட்சிதர் நினைவிடம் இருக்கிறது. சென்னையில் பார்த்ததையும் கேட்டதையும் பிள்ளைகள் மறப்பதற்குள், அடுத்த ஞாயிறே இந்த இரண்டு இடங்களுக்கும் அழைத்துப் போய்விடுங்கள். 'இது நம்ம ஊரு' என்று அவர்களே சொல்வார்கள்.