பாதிரியார் பேச்சுக்கு எண்பதாயிரம் கலம்

காவிரிக்கரை மனிதர்கள் – தொடர்

வெளியே ஊர்களில் நெல் இருந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. 1780களின் தொடக்கம். ஹைதர் அலியின் படை சோழநாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். நெல்லை ஏற்றிவர மாடு வேண்டும். மாடு வைத்திருந்த குடியானவர்களோ அசையவில்லை. அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது. அரண்மனைக்காரர்களும் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களும் வாங்கினால் வாங்கினதுதான், காசு கைக்கு வராது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்போது ஒரு ஜெர்மானியர் நாலு திசைக்கும் கடிதம் அனுப்பினார். பணத்தை என் கையாலேயே தருகிறேன், மாட்டை எதிரி பிடித்துக்கொண்டு போனால் அதற்கும் நானே பொறுப்பு என்று. இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் மாடுகள் வந்து நின்றன. எண்பதாயிரம் கலம் கோட்டைக்குள் போயிற்று. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். மீதிக் கணக்கை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பேசினபடி பணமும் போய்ச் சேர்ந்தது.

அவர் கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சி, தஞ்சாவூர் என்று இங்கேயே தங்கிவிட்ட பாதிரியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பவும் இல்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் தெரியும். பண விஷயத்தில் மட்டும் விடாக்கண்டர். 1779இல் கும்பினி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. வழிச்செலவுக்கென்று ஹைதர் முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்ப, அதைக் கொண்டுபோய்க் கும்பினியிடமே நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கேட்பாரா? அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்தார். இப்படியொருவர் வீட்டில் பெரியப்பாவாக இருந்தால் நமக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் சண்டை மூண்டபிறகும் இந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக் கூடாதென்று ஹைதர் தம் ஆட்களுக்குச் சொல்லிவைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து அரண்மனை அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடிகள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். தஞ்சாவூர் ராஜா கூப்பிட்டும் வரவில்லை. சுவார்ட்ஸ் சொன்னதும் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். சாகுபடிக் காலம் ஏறக்குறைய தவறிப்போயிருந்தது. உங்களுக்காக ராப்பகலாகப் பாடுபடுகிறோம் என்று இறங்கினார்கள். அவர் மதம் மாற்ற வந்தவர்தான், மறைத்ததும் இல்லை. அவருடைய நல்ல பெயரால் கும்பினியும் ஆதாயம் அடைந்தது. மாட்டை ஓட்டிவந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வந்தார்கள்.

சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை இரண்டாம் சரபோஜி, பின்னாளில் தஞ்சாவூரின் மராத்திய ராஜா. கடைசிவரை சொந்த மதத்தை விடவில்லை. இருவருக்கும் இடையே அது மனக்கசப்பாகவும் ஆகவில்லை. 1798இல் குரு இறந்தபிறகு லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் நினைவுச்சின்னம் செய்வித்தார். தஞ்சாவூர்ச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் பார்க்கலாம். கட்டிலில் கிழவர்; அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு சரபோஜி; கட்டிலருகே மூன்று பள்ளிப் பிள்ளைகள். குருவின் கல்லறைக் கல்லில் ராஜாவே ஆங்கிலத்தில் எழுதிய செய்யுள். கவிதையாக அது சுமார்தான். ஆனால் கூலிக்குப் புலவரை வைத்து எழுதாமல் தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

குருவுக்குப் பண விஷயம் என்றால் சிஷ்யருக்குக் கண். 1799இல் ஆட்சியைக் கும்பினியிடம் கொடுத்துவிட்டு, நூலகம், அச்சுக்கூடம், வைத்தியம் என்று இறங்கியவர். கண் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் குறிப்பேடு போட்டு, அவரவர் கண்ணை வண்ணத்தில் வரையவும் செய்தார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. 1803இல் பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டவைத்தவரும் இவரே. நெப்போலியன் தோற்றதற்காக மல்லிப்பட்டினம் கடலோரத்தில் மனோரா என்ற கோபுரம் எழுப்பியவரும் இவரே. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே எதற்குக் கோபுரம்? அந்த மனோராவுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)