பருத்த கால்களும் புடைத்த நாளங்களும்

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னார் நோக்கிச் செல்லும் பழைய பாதையில், கலா ஓயா கடலைச் சேரும் இடத்துக்கு அண்மையில், வில்பத்துக் காட்டின் தென்னெல்லையை அடுத்து எலுவன்குளம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. இத்தகைய கரையோர ஊர்களில் பெண்களின் வேலை பெரும்பாலும் நின்றபடியே நடைபெறுவது. அடுப்படியில் நிற்பதும், கருவாட்டுக்கு மீன் வெட்டுவதும், தோட்டத்தில் களை பிடுங்குவதும், தண்ணீர் சுமப்பதும் எனக் கால்கள் ஓயாமல் உழைக்கின்றன. மாலையில் அக்கால்கள் கனத்துக் கடுத்தால், அதை யாரும் ஒரு நோயென்று எண்ணுவதில்லை.

ஆனால், ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் உடலின் பிற பகுதிகளுக்குப் பொருந்தாத வகையில் பருத்துவிட்டால் ஊரார் வாளாவிருப்பதில்லை. ஒருவர் “யானைக்கால்” என்பார். மற்றொருவர் “தின்று கொழுத்த கால்” என்பார். இவ்விரண்டு தீர்ப்புகளும் பிழையாக இருத்தல் கூடும். பிழையான தீர்ப்பினால் வெட்கமுற்று, நீண்ட பாவாடைக்குள் கால்களை மறைத்துக்கொண்டு, வைத்தியரிடம் செல்லாமலே பல ஆண்டுகளைக் கழிக்கும் பெண்கள் உளர். அவர்களுக்காகவே இவ்விடயம் தெளிவாக அறியப்படவேண்டும்.

யானைக்கால் என்ற எண்ணம் முதலில் எழுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. நுளம்பினால் பரவும் அந்நோய் நிலவிய எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அதை ஒழிப்பதற்கென 1947ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தனி இயக்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. 2002 முதல் 2006 வரை அம்மாவட்டங்களின் மக்களுக்கு ஆண்டுதோறும் மாத்திரைகள் வழங்கப்பட்டன. அதன் பயனாக, 2016இல் இந்நோய் இலங்கையில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. பழைய வீக்கத்தோடு வாழ்வோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களை இகழ்வது எவ்வகையிலும் தகாது. எனினும், பருத்த கால் ஒவ்வொன்றையும் யானைக்கால் என்று கொள்வது தவறு.

அவ்வாறு தவறாகக் கொள்ளப்படும் நோய்களுள் ஒன்றே லிப்பிடீமா. அமெரிக்காவில் மேயோ வைத்தியநிலையத்தைச் சேர்ந்த அலன், ஹைன்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் 1940இல் இதற்கு இப்பெயரிட்டு விவரித்தனர். இது ஏறக்குறைய முற்றாகப் பெண்களுக்கே வருவது. பூப்பெய்தும் காலத்திலோ, மகப்பேற்றை ஒட்டியோ, மாதவிடாய் நிற்கும் பருவத்திலோ தலைகாட்டும். தாய்க்கும் மகளுக்கும் ஒருங்கே காணப்படுவதும் உண்டு. இடுப்புக்குக் கீழே இரு கால்களிலும் ஒரே அளவாகத் தோலின் அடியிற் கொழுப்புச் சேரும்; ஆனால் பாதங்கள் இளைத்தபடியே இருக்கும். கணுக்காலில் காப்பு இட்டாற்போல ஒரு படி தோன்றும். தொட்டால் வலிக்கும், சிறிது இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். உணவைக் குறைத்தால் முகமும் மார்பும் மெலியும். கால்கள் அந்த அளவுக்கு மெலிவதில்லை. ஆகவே, இதை உண்டவளின் குற்றமென்று பழிப்பது அறியாமையாகும்.

இனி நாளங்களைப் பற்றி நோக்குவோம். இதயத்திலிருந்து நாடிகள் வழியே காலுக்கு இறங்கிய இரத்தம், நாளங்கள் வழியே மீண்டும் மேலேற வேண்டும். நிற்கும் மனிதருக்கு இது செங்குத்தான ஏற்றம். இதற்குத் துணை இரண்டு. ஒன்று, நடக்கும்போது சுருங்கி இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும் கெண்டைத் தசை. மற்றொன்று, மேலே சென்ற இரத்தம் கீழே திரும்பாதபடி நாளங்களுக்குள் அமைந்துள்ள சிறு வால்வுகள். இவை இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் கதவுகள் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு மடைக்கதவு பழுதானால், அதற்குக் கீழுள்ள கதவு இருமடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியதாகிறது. நாளடைவில் அதுவும் தளர்கிறது. இவ்வாறு தேங்கிய இரத்தத்தால் நாளங்கள் விரிந்து நெளிந்து புடைப்பதையே மக்கள் “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்கின்றனர். உண்மையில் அது நரம்பு அன்று, நாளமே. நெடுநேரம் நிற்பதும், கருவுறுதலும், உடற்பருமனும், பரம்பரையும் இதற்குத் துணைபோகின்றன.

லிப்பிடீமா உள்ள கால்களில் இந்நாளக் கோளாறும் சேர்ந்திருத்தல் கூடும். அங்கேதான் இடர் தொடங்குகிறது. தடித்த கொழுப்பின் கீழே புடைத்த நாளம் கண்ணுக்குத் தென்படாமல் மறைந்துவிடும். வலியும் கனமும் இரண்டுக்கும் பொதுவானமையால், நாளத்தின் குற்றம் கொழுப்பின் மேல் சுமத்தப்படும். சில வேளைகளில் கொழுப்பின் குற்றம் நாளத்தின் மேல் சுமத்தப்படும். முன்னதால் சிகிச்சை தவறிப்போகிறது; பின்னதால், நாளத்தைச் சீர்செய்த பின்னரும் கால் இளைக்கவில்லையே என்று பெண் மனமுடைகிறாள். நாளத்தைச் சீர்செய்வது தேக்கத்தைக் குறைக்கும். லிப்பிடீமாவின் கொழுப்பை அது அகற்றாது. இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

வீட்டிலேயே கவனிக்கத்தக்க சில வேறுபாடுகள் உள. நாளக் கோளாற்றின் வீக்கம் மாலையில் மிகுந்து, இரவு காலை உயர்த்திப் படுத்தால் விடியலில் வடியும். விரலால் அழுத்தினால் குழி விழும். கணுக்காலின் உட்புறத் தோல் கருமையடைந்து, கவனியாதுவிடின் புண்ணாகும். லிப்பிடீமாவின் பருமன் இரவுறக்கத்தால் அவ்வாறு வடிவதில்லை. யானைக்காலிலோ பாதமும் வீங்கும். இரண்டாம் கால்விரலின் அடித்தோலைக் கிள்ளி உயர்த்த இயலாதபடி தடித்திருக்கும். பெரும்பாலும் ஒரு கால் மற்றதை விஞ்சியிருக்கும். நாட்பட்ட லிப்பிடீமாவில் நிணநீர்த் தேக்கமும் சேர்வதுண்டு. ஆகையால், முடிவான தீர்ப்பு வைத்தியருடையதே. இரத்தம் திரும்பி இறங்குகிறதா என்பதைச் செவிக்கெட்டாத ஒலியலைகளைக் கொண்டு ஆராயும் டொப்ளர் பரிசோதனை பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. அதில் நோவும் இல்லை, கத்தியும் இல்லை. நோயாளியை நிற்கவைத்துப் பார்த்தாலே பழுதான வால்வு நன்கு புலப்படும்.

அன்றாடப் பராமரிப்பு எளியது. நின்று வேலை செய்வோர் இடையிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் கெண்டைத் தசை தன் கடமையைச் செய்யும். நடை நல்லது, இடுப்பளவு நீரில் நடப்பது இன்னும் நல்லது, ஏனெனில் நீரே காலைச் சுற்றி மெல்ல அழுத்துகிறது. காலில் புண் உள்ளோர் மட்டும் நீரில் இறங்கலாகாது. அழுத்தக் காலுறையைக் காலையில், வீக்கம் ஏறுமுன் அணிய வேண்டும். ஆனால் காலின் நாடியோட்டம் செம்மையாக உள்ளதா என்று வைத்தியர் சோதித்த பின்னரே அணியலாம். பழுதான நாளத்தை வெப்பத்தால் அடைக்கவும், சத்திரசிகிச்சையால் நீக்கவும் இன்று முறைகள் உள.

சில குறிகள் தோன்றினால் தாமதம் ஆகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடேறி வலித்தால், ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோரும் புதிதாய்ப் பிள்ளை பெற்றோரும் இதில் மிகுந்த விழிப்போடிருத்தல் வேண்டும். அத்தகைய காலைப் பிடித்து உருவலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பெருகினால், படுக்கவைத்து, காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்தபடி உதவி தேட வேண்டும்.

கால் பருத்த பெண்ணுக்கு ஊரார் ஒரு பெயரைச் சூட்டிவிடுவது எளிது. அவளோடு துணைக்கு ஒருவர் பஸ் ஏறி வைத்தியசாலை வரை செல்வதே அவளுக்குப் பயன்படுவது. மறைந்திருந்த நாளக் கோளாறு அங்கே புண்ணாகுமுன் கண்டறியப்படலாம். இவ்வளவு காலமும் சுமந்த பழி தன்னுடையதன்று என்பதையும் அவள் அங்கே அறிந்துகொள்ளலாம்.